கதையைக் கடைசியில் கேளுங்கள்: 19ஆம் நூற்றாண்டுக் கடற்படை அதிகாரியின் வாளைக் கணிப்பது எப்படி

பழைய கடற்படை வாள் ஒன்று விற்பனைக்கு வந்தால் அதோடு ஒரு கதையும் சேர்ந்தே வரும். டிரஃபால்கர் போரில் இருந்த வாள், ஓர் அட்மிரலின் இடுப்பில் தொங்கிய வாள், துறைமுகத்தில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தாவுக்குத் துரை பிரியத்தோடு கொடுத்துவிட்டுப் போன வாள் என்று ஏதாவது ஒன்று. வாங்குகிறவர் பெரும்பாலும் கதையை முதலில் கேட்கிறார், பிறகு அந்தக் கதையின் கண்ணால் வாளைப் பார்க்கிறார். இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறது. முதலில் வாளைப் பாருங்கள். கைக்காப்பும் அலகும் உறையும் சேர்ந்து எந்த ஆண்டுகளைக் காட்டுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் கதை அடங்குகிறதா என்று அப்புறம் பாருங்கள். அடங்காவிட்டாலும் வாளை வாங்கலாம். ஆனால் கதைக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. பிரிட்டனின் ராயல் நேவி அதிகாரி வாளையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். சென்னை, மும்பை, திருகோணமலை ஆகிய துறைமுகங்களின் வழியாக இந்தப் பக்கம் வந்து தங்கியவற்றில் அந்த வகை உண்டு. வேறு பல கடற்படைகளும் அந்த அமைப்பைப் பார்த்தே தங்கள் வாளை அமைத்துக்கொண்டன.

கதை ஏன் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கிறது

கப்பலில் சாதாரண மாலுமிக்குக் கொடுக்கப்பட்ட கட்லஸ் என்ற குட்டை வாள் அரசாங்கச் சொத்து. அதில் அகன்ற அம்புக்குறி முத்திரையும் சோதனை முத்திரைகளும் இருக்கும். அதிகாரியின் வாள் அப்படியல்ல. அதை அவர் சொந்தப் பணத்தில், லண்டன் வாள் வணிகரிடமோ போர்ட்ஸ்மவுத், பிளிமவுத் போன்ற துறைமுக ஊர்களின் சீருடைத் தையல் கடைகளிலோ வாங்கினார். அதனால் அரசு முத்திரை பொதுவாக இருக்காது. பெயர் பொறிக்கக் கூடுதல் செலவு ஆகும் என்பதால் பல வாள்களில் உரிமையாளரின் பெயரும் இருக்காது. அலகில் தெரிவது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர்தான். அது செய்தவர் பெயராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அலகை ஒரு பட்டறை அடித்திருக்கும், பிடியை இன்னொன்று பூட்டியிருக்கும், கடைக்காரர் தன் பெயரைப் பொறித்து விற்றிருப்பார். உரிமையாளர் யாரென்று தெரியாத இந்த இடத்தில்தான் கதை வந்து உட்கார்கிறது. நல்ல பெயராக ஒன்றைச் சொன்னால் மறுக்க ஆளில்லை.

அதிலும் பெரிய பெயர்களே அதிகம் அடிபடும். டிரஃபால்கரில் பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் கையில் இருந்த வாள் என்று யாராவது சொன்னால், மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதே இல்லை. போர் நடந்த 1805 அக்டோபர் 21 அன்று அவர் வாள் அணியாமலேயே மேல்தளத்தில் நின்றார். வாள் அவருடைய அறையிலேயே இருந்துவிட்டது. இது பரவலாகப் பதிவான செய்தி. இதை அறியாதவரிடம் அந்தக் கதை விலைபோகும். கதையைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வதற்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

கைக்காப்பு: எந்த ஆண்டுக்கு முந்தியதல்ல?

ராயல் நேவி அதிகாரிகளுக்கு 1748 முதலே சீருடை உண்டு. ஆனால் வாள் எப்படி இருக்க வேண்டும் என்று வெகுகாலம் யாரும் வரையறுக்கவில்லை. 1780களிலும் 1790களிலும், கைக்காப்பு வளைவில் ஐந்து சிறு உருண்டைகள் பதித்த மெல்லிய நேர்வாள் நாகரிகமாக இருந்தது. அது தரைப்படையிலும் ஓடிய பாணிதான். 1805இல்தான் கடற்படைக்கென ஒரு மாதிரி வந்தது. அதன் அலகு நேரானது. கைக்காப்பு குதிரைச் சேண வளையம் போன்ற ஒற்றை வளைவு. கமாண்டர் முதல் மேல்நிலையில் இருந்தவர்களுக்குத் தந்தப் பிடியும் சிங்கத் தலைக் குமிழும். லெப்டினன்டுகளுக்குக் கறுப்பு மீன்தோல் சுற்றிய பிடியும் எளிய குமிழும். இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். மாதிரி வந்த அதே ஆண்டில்தான் டிரஃபால்கர் போரும் நடந்தது. மாதக்கணக்கில் கடலில் முற்றுகையிட்டுக் கிடந்த கப்பல்களின் அதிகாரிகள் கரைக்குப் போய்ப் புது மாதிரி வாள் வாங்கி வந்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம். எனவே 1805 மாதிரி வாளை டிரஃபால்கரோடு கோக்கும் கதைகூட, வேறு ஆதாரம் இல்லாமல் ஏற்கத் தக்கதல்ல.

அடுத்த பெரிய மாற்றம் 1827. சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தவையே. ஒற்றை வளைவு போய், விரல்களை மூடும் அரைக் கூடை வடிவக் கைக்காப்பு வந்தது; தங்க முலாம் பூசிய பித்தளை, அதன் மேல் கிரீடமும் கயிறு சுற்றிய நங்கூரமும். இங்கே தரைப்படையின் 1822 காலாட்படை வாளோடு குழப்பம் வரும். இரண்டின் வெளிவடிவமும் ஒன்றுபோல் இருக்கும். வித்தியாசம் இதுதான்: தரைப்படை வாளின் கைக்காப்பில் கம்பிகளுக்கு நடுவே வெளி தெரியும், கடற்படை வாளில் அந்த இடம் முழுத் தகடு, கம்பிகள் அதன் மேல் புடைத்த வரிகளாக மட்டும் இருக்கும். பிடியில் வெள்ளை மீன்தோல், அதைச் சுற்றி முறுக்கிய முலாம் கம்பி, உச்சியில் சிங்கத் தலை. அதன் பிடரி மயிர் பிடியின் முதுகு வழியாகக் கீழே இறங்கும். வாரண்ட் அதிகாரிகளின் வாளில் சிங்கம் இராது; கறுப்புப் பிடியும் படிபோன்ற எளிய குமிழும்தான்.

இந்த மாதிரியில் கையில் எடுத்ததும் தேட வேண்டியது ஒன்று உண்டு. கைக்காப்பின் உட்பக்கத்தில், இடுப்போடு ஒட்டும் ஓரத்தில், சிறு கீலில் மடங்கும் ஒரு தகடு இருக்கும். அதில் ஒரு துளை. வாளை உறையில் முழுக்கச் செருகித் தகட்டை மடக்கினால், உறையின் மேல்பூணில் உள்ள குமிழாணி அந்தத் துளைக்குள் போய் உட்காரும். நடக்கும்போது வாள் உறையிலிருந்து நழுவாமல் இது பார்த்துக்கொள்ளும். துளையும் ஆணியும் சரியாகப் பொருந்தினால் உறையும் வாளும் ஒரே குடும்பம் என்பதற்கு நல்ல சாட்சி. பொருந்தாவிட்டால், வேறு வாளின் உறையை யாரோ மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடம் உண்டு. அட்மிரல் நிலைக் கதைகளுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1842 முதல் 1856 வரை அந்த நிலையினர் மாமலுக் பாணி வளைவாள் அணிந்தார்கள். அதன் பிறகு அரைக் கூடைக்கே திரும்பினாலும், அவர்களின் உறைப் பூண்களில் ஓக் இலை வேலைப்பாடு இருந்தது. வெறும் பூண் போட்ட உறையைக் காட்டி அட்மிரல் வாள் என்றால் கேள்வி கேளுங்கள்.

அலகு: இரண்டாவது சாட்சி

கைக்காப்பு ஓர் ஆண்டைச் சொன்னதும் அலகைத் தனியாக விசாரிக்க வேண்டும். 1827 மாதிரியோடு வந்த முதல் அலகுகளின் முதுகு, நீளவாட்டில் ஒரு உருளைக் கம்பி வைத்ததுபோல் தடித்திருக்கும். 1846இல் வில்கின்சன் வகை அலகு வந்தது. அதில் முதுகு தட்டையாகி, இரு பக்கங்களிலும் அகலமான பள்ளம் ஓடியது. லேசான வளைவு மட்டும் நீடித்தது. நேர் அலகு வந்தது 1929இல். அரைக் கூடைக் கைக்காப்பும் நேர் அலகும் சேர்ந்திருந்தால் அந்த வாள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைத் தொடவில்லை என்று கொள்ளலாம். கைக்காப்பு மட்டும் பழையதா என்பது தனிக் கேள்வி.

அலங்காரமும் வயது சொல்லும். நூற்றாண்டின் தொடக்கத்து அலகுகளில் நீலம் ஏற்றி, அதன் மேல் தங்கத்தால் வேலை செய்திருப்பார்கள். பிறகு அமிலப் பொறிப்பு அதன் இடத்தைப் பிடித்தது. பொறிப்பில் அரச சின்னம் இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னத்தின் நடுவில், பிரிட்டிஷ் மன்னர்கள் ஆண்ட ஜெர்மானிய நாடான ஹனோவருக்கான சிறு கேடயம் இருந்தால் அது 1837க்கு முந்தியது. விக்டோரியா அரசியானதும் ஹனோவர் பிரிந்துபோனதால் அந்தக் கேடயம் நீங்கிவிட்டது. அது இருக்கும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு: 1816 வரை அதன் மேல் ஹனோவர் ஆட்சியாளரான இளவரசத் தேர்வாளரின் தொப்பி இருக்கும், அதன் பிறகு கிரீடம் இருக்கும். கைக்காப்பில் உள்ள கிரீடமும் உதவும். விக்டோரியா காலத்து வாள்களில் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் அமுங்கியிருக்கும். 1901க்குப் பின் வந்த மன்னர்களின் கிரீடத்தில் அவை உருண்டு மேலெழும்பியிருக்கும். ஆனால் வார்ப்படக்காரர்கள் பழைய அச்சை ஒரே நாளில் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள். எனவே கிரீடத்தைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பேச்சை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

வில்கின்சன் அலகாக இருந்தால் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. 1850களின் நடுப்பகுதியிலிருந்து அந்த நிறுவனம் தன் தரமான அலகுகளின் முதுகில், கைக்காப்புக்கு அருகே, வரிசை எண் பொறித்தது. அந்த எண்களுக்கான பதிவேடுகள் எஞ்சியிருக்கின்றன. எந்த நாளில் சோதித்தார்கள், பல சமயம் யார் வாங்கினார் என்பதும் அதில் உண்டு. இந்த எண்ணைத்தான் அலட்சியமாகத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். துருவும் அழுக்கும் மூடியிருந்தால் சாய்வாக வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள். உப்புத்தாள் எடுக்காதீர்கள்.

எழக்கூடிய மறுப்புகள்

மாதிரி வந்த ஆண்டு அது எப்போது அறிமுகமானது என்றுதான் சொல்லும். எப்போது அணியப்பட்டது என்று சொல்லாது என்பார்கள். உண்மைதான். 1805 மாதிரியை 1830இல்கூட ஒருவர் அணிந்திருக்கலாம். தந்தையின் வாளை மகன் கட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் இந்த மறுப்பு ஒரு பக்கம்தான் வெட்டும். மாதிரி ஆண்டு, வாள் எதற்கு முந்தியதல்ல என்பதை உறுதியாகச் சொல்லும். கதைகள் பொய்க்கும்போது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் பொய்க்கின்றன. வாளை இருப்பதைவிடப் பழையதாகக் காட்டவே எல்லோருக்கும் ஆசை. 1846 அலகோடு வந்த வாள் டிரஃபால்கரில் இருந்திருக்க முடியாது. இதைச் சொல்ல, அந்த வாள் எத்தனை ஆண்டுகள் அணியப்பட்டது என்று தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பாகங்கள் மாறியிருக்கும், புதுப் பிடி போட்டிருப்பார்கள், உடைந்த உறைக்கு வேறு உறை வாங்கியிருப்பார்கள். அப்படியிருக்க ஒரு பாகத்தின் ஆண்டை வைத்து முழு வாளையும் எப்படி எடைபோடுவது? அதனால்தான் மூன்று பாகங்களையும் தனித்தனியாக விசாரிக்கச் சொல்கிறோம். பாகங்கள் ஒத்துப்போனால் எல்லை குறுகும். ஒத்துப்போகாவிட்டால் உடனே போலி என்று தள்ள வேண்டாம். அதிகாரியே பழைய அலகைப் புதுக் கைக்காப்பில் பூட்டியிருக்கலாம். கறுப்புத் தோல் உறைகள் காய்ந்து சுருங்கி முறிவது சகஜம். மாற்றம் எந்தத் திசையில் நடந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். உபயோகத்துக்காகச் செய்த மாற்றம் வாளை நவீனமாக்கும். விற்பனைக்காகச் செய்த மாற்றம் வாளைப் பழையதாக்கும். இளைய அலகில் முந்திய காலத்துப் பெயரோ போரின் பெயரோ கூர்மையாகப் புதிதாகச் செதுக்கப்பட்டிருந்தால், அது இரண்டாம் வகை. பழைய பொறிப்பின் ஓரங்களில் தேய்வும் அழுக்கும் அலகின் மற்ற இடங்களோடு ஒத்திருக்கும்.

மூன்றாவது மறுப்பு மனம் சார்ந்தது. வாளின் மதிப்பே கதையில்தான் இருக்கிறது, கதையைச் சந்தேகித்தால் எஞ்சுவது பித்தளையும் இரும்பும்தானே என்பார்கள். இதில் பாதி சரி. இந்த வாள்கள் சண்டைக்கென்று மட்டும் இருந்தவையல்ல. பதவியைக் காட்டவும், அணிவகுப்பில் நிற்கவும், தோற்றால் கொடுத்துச் சரணடையவும் இருந்தவை. அந்த மரபு 1914 வரை தெளிவாகத் தெரிகிறது: செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பல் எம்டன் நவம்பரில் தோற்றபோது, அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரும் அதிகாரிகளும் தங்கள் வாள்களை வைத்துக்கொள்ள பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அனுமதித்தது. ஆகவே கதைக்கு மதிப்பு உண்டு. ஆனால் மதிப்புள்ள கதை, அதே காலத்துக் காகிதத்தோடு வரும். 1797இல் செயின்ட் வின்சென்ட் முனைப் போரில் கைப்பற்றிய ஸ்பானிய அட்மிரலின் வாளை நெல்சன் நார்விச் நகருக்கு அனுப்பினார். கூடவே அதே ஆண்டில் எழுதிய கடிதமும் இருக்கிறது. வாள், கடிதம், பெற்ற நகரம் மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. கதையை நம்பலாம் என்பதற்கான அளவுகோல் இது. மூன்று தலைமுறை கழித்து வாய்மொழியாக மட்டும் வந்தது இந்த அளவுகோலை எட்டாது. அதைப் பொய் என்று சொல்லவும் தேவையில்லை, நிரூபிக்கப்படாதது என்று எழுதி வைத்தால் போதும்.

பெயர் இருந்தால்

பெயரோ முதலெழுத்துகளோ பொறித்திருந்தால் தேட வழி இருக்கிறது. அரசே வெளியிட்ட கடற்படை அதிகாரிகள் பட்டியல் 1814 முதல் உண்டு. 1849இல் வெளியான ஓ'பைர்ன் என்பவரின் கடற்படை வாழ்க்கை வரலாற்று அகராதி, லெப்டினன்ட் நிலையிலும் அதற்கு மேலும் இருந்து 1845இல் உயிரோடிருந்த அதிகாரிகளின் பணி விவரங்களைத் தருகிறது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பணிப் பதிவேடுகள் இருக்கின்றன. இவற்றில் பெயர் கிடைத்தாலும் ஆண்டு பொருந்த வேண்டும்: 1840இல் ஓய்வு பெற்றவரின் பெயர் 1846 வகை அலகில் இருந்தால், ஒரே பெயர் கொண்ட மகனையோ பேரனையோ தேடுங்கள்.

பரிசு வாள்களில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். 1803 முதல் 1809 வரை லாய்ட்ஸ் தேசபக்த நிதி, வீரச் செயல்களுக்காக 30, 50, 100 பவுண்டு என்று மூன்று மதிப்பில் வாள் வழங்கியது. மிட்ஷிப்மேன் போன்ற இளையோருக்கு 30, லெப்டினன்டுகளுக்கு 50, கேப்டன், கமாண்டர் நிலையினருக்கு 100. செய்தவர் லண்டன் ஸ்ட்ராண்ட் பகுதியின் ரிச்சர்ட் டீட். கைக்காப்பு, பாம்பு சுற்றிய ஹெர்குலிஸின் கதாயுத வடிவில் இருக்கும். அலகில் பெற்றவர் பெயரும் காரணமும் நீளமாக எழுதப்பட்டிருக்கும். பெற்றவர்களின் விவரம் அந்த நிதியின் பதிவுகளில் இருப்பதால் பெயரைச் சரிபார்க்க முடியும். விலை மிக அதிகம் என்பதால் போலி செய்யத் தூண்டுதலும் அதிகம். லெப்டினன்டின் பெயர் 100 பவுண்டு வகையில் இருந்தால் பேரத்தை நிறுத்திவிட்டு ஆவணத்தைத் தேடுங்கள். டிரஃபால்கர் போன்ற சில நிகழ்வுகளில் தனி விருதுகள் தரப்பட்டதால் அவசரத் தீர்ப்பும் வேண்டாம். முதலில் சொன்னதுபோல் வேறு கடற்படைகளும் இந்த அமைப்பைப் பின்பற்றியதால், நங்கூரத்தை மட்டும் பார்த்து பிரிட்டிஷ் என்று முடிவு செய்வதும் தவறு. அமெரிக்கக் கடற்படையின் 1852 மாதிரி வாளின் கைக்காப்பில் அந்தக் கடற்படையின் பெயர்ச் சுருக்கமே வார்க்கப்பட்டிருக்கும்.

துடைப்பதற்கு முன்பும் வாங்குவதற்கு முன்பும்

மேலே சொன்ன சாட்சிகள் எல்லாம் மேற்பரப்பில் சில இழை ஆழத்தில் இருப்பவை. அமிலப் பொறிப்பு, நீலம், முலாம், எண் ஆகியவற்றைப் பித்தளைப் பாலிஷும் உப்புத்தாளும் ஒரே மாலையில் அழித்துவிடும். பழைய முறைப்படி பாதரசத்தில் ஏற்றிய தங்க முலாம் புடைப்பான இடங்களில் தேய்ந்து, பள்ளங்களில் தங்கியிருக்கும். இந்தத் தேய்மானமே வயதுக்குச் சாட்சி. பளபளப்பாக்கினால் சாட்சி போய்விடும். மென்மையான உலர் தூரிகையால் தூசு தட்டுங்கள், பருத்திக் கையுறை அணிந்து தொடுங்கள், அலகுக்கு அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லப் பூசுங்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அலகைத் தோல் உறைக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது; தோல் பதனிட்ட அமிலமும் ஈரமும் சேர்ந்து அலகை அரிக்கும். உறையை அருகிலேயே தனியாக வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லைப் பெட்டியில் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். தோலுக்கு எண்ணெய் தடவ வேண்டாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான வாள் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் பொருள். உரிமம் தேவையா என்பது உங்கள் பகுதியின் அறிவிப்பைப் பொறுத்தது, எனவே வாங்குவதற்கு முன்பே மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். 100 ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தந்தப் பிடி இருந்தால் இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். பிரிட்டனில் 2022இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டப்படி, 1947க்கு முந்தியதும் தந்தம் 10 சதவீதத்துக்குக் குறைவானதுமான பொருளைக்கூடப் பதிவு செய்த பிறகே விற்கலாம். தந்தமா எலும்பா என்று பார்க்க, குறுக்குவெட்டான முனையில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைவரிகளைத் தேடுங்கள். எலும்பில் அவை இராது. பதிலாகச் சிறு கரும்புள்ளிகள் இருக்கும்.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு தாளில் எழுதுங்கள். முதல் பகுதியில் வாள் காட்டுவதை: கைக்காப்பு 1827க்கு முந்தியதல்ல, அலகு 1846க்கு முந்தியதல்ல, கிரீடம் விக்டோரியா காலம், உறைத் துளை ஆணியோடு பொருந்துகிறது என்பதுபோல. இரண்டாம் பகுதியில் காகிதம் காட்டுவதை. மூன்றாம் பகுதியில் விற்பவர் சொன்னதை, அவர் சொன்னதாகவே. விலை பேசும்போது முதல் இரண்டு பகுதிகளுக்கு மட்டும் பணம் கொடுங்கள். மூன்றாவது பகுதிக்கு ஆதாரம் பின்னால் கிடைத்தால் அந்த லாபம் உங்களுக்கு. கிடைக்காவிட்டாலும் நீங்கள் கொடுத்த விலைக்கு ஏற்ற வாள் கையில் இருக்கும். அடுத்தவருக்கு விற்கும்போதும் அதே தாளை அதே மூன்று பகுதிகளோடு கொடுத்தால், உங்களிடம் வந்த கதை உங்கள் கையில் இன்னொரு சுற்றுப் பெருக்காது.